சோற்றைக் கண்டு பயப்படலாமா?



மலையில் எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுத்துத்தான் நமக்குக் கணக்கு எழுதுகிறார்கள். கிலோ கூடினால் சந்தோஷம், குறைந்தால் கவலை. கொழுந்துக்கு அது சரி. ஆனால் கிளினிக்குக்கு வருகிற ஆளையும் அதே மாதிரி தராசில் ஏற்றி, முள் காட்டும் எண்ணைப் பார்த்து, "இவர் ஒழுங்கானவர், அவர் வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடையே புகுந்துவிட்டது. இது சரியல்ல என்பதைச் சொல்லவே இந்த மாதச் சுகாதாரப் பகுதியை எழுதுகிறேன்.

இதனால் வரும் கெடுதல் இரண்டு. முதலாவது, பலர் கிளினிக் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. "போனா எடை பாப்பாங்க, எல்லார் முன்னாலயும் ஏசுவாங்க, எதுக்குப் போகணும்?" என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது, வருகிறவர்களில் சிலர், "ஐயா, நான் சோத்தையே விட்டுட்டேன். காலையில பசியாறுறதே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வராமல் இருப்பதும் ஆபத்து, வயிற்றைக் காயப் போடுவதும் ஆபத்து.

நம்மிடையே சீனி வியாதி

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்வோம். சுகாதார அமைச்சு 2019-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சீனி வியாதி இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்தால் நூற்றுக்கு 31.4 பேர். அதாவது நம்மவர் மூன்று பேர் கூடி நின்றால் ஏறக்குறைய ஒருவருக்கு உண்டு. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6-ஆகச் சற்று இறங்கியது. ஆனாலும் நமக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

2019-இல் சீனி வியாதி கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே, வெட்கப்பட்டோ ஏச்சுக்குப் பயந்தோ கிளினிக்குக்கு வராமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. கண், சிறுநீரகம், கால் ஆகிய மூன்றும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும்.

எடை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, "இத்தனைக்கு மேல் போனால் பருமன்" என்று சொல்கிறார்கள். இந்தக் கணக்கை 1830-களில் உண்டாக்கியவர் பெல்ஜியம் நாட்டுக் கெட்டலே என்பவர். அவர் வைத்தியர் அல்ல, வானசாஸ்திரமும் புள்ளிவிவரமும் தெரிந்தவர். ஜனக்கூட்டத்தின் சராசரியை அறியவே அவர் இதைப் போட்டார். தனி ஒருவருடைய தேக சுகத்தை எடைபோட அல்ல. பல ஆயிரம் பேரைப் பற்றிப் பேச இன்றும் அது உதவுகிறது. ஆனால் எதிரே நிற்கும் ஒரு மனிதரைப் பற்றி அந்த எண் ஒன்றே முழுக் கதையையும் சொல்லிவிடாது.

இதற்கு நல்ல உதாரணம் உண்டு. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் லான்செட் வைத்தியப் பத்திரிகையில் தங்கள் இருவருடைய படத்தையும் போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். கணக்குப்படி இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம் புனே டாக்டருக்கு 21.2 பங்கு! எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. இந்தியர்களில் ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் சீனி வியாதி வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே ஒல்லியானவர் "எனக்கென்ன" என்று இருந்துவிடவும் கூடாது, பருமனானவர் "எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. இருவருக்கும் ஒரே பரிசோதனை, ஒரே புத்திமதி, ஒரே மரியாதை.

எடைக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல், சீனி, ரத்தக் கொதிப்பு உள்ள சிலருக்கு எடை குறைவது நல்ல பலன் தரும். அதை டாக்டர் பார்த்துச் சொல்வார். நான் சொல்வது, எடை குறைந்தால்தான் நலம், குறையாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம் என்பதே.

சென்னையில் கண்ட உண்மை

"எடை குறையாம சீனி வியாதியத் தடுக்க முடியுமா ஐயா?" என்று கேட்பீர்கள். முடியும் என்று காட்டியது நம் தமிழ்நாடுதான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில், சீனி வியாதி வரக்கூடிய எல்லையில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை நான்கு பிரிவாக்கி ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரணப் புத்திமதி மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சீனியையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ள ஆகாரத்தைக் கூட்டச் சொல்லி, தினம் அரைமணி நேரம் நடக்கவும் சொன்னார்கள். மற்ற இரண்டு பிரிவுகளுக்கு மாத்திரையும் உண்டு.

2006-இல் முடிவு வெளிவந்தது. சாதாரணப் புத்திமதி பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வியாதி வந்துவிட்டது. ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவினருடைய எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை! தராசு முள் நகராமலே வியாதி பின்வாங்கியது.

இன்னொரு சங்கதி. உடலுழைப்பு வேலை செய்கிறவர்களை அங்கே கூடுதலாக நடக்கச் சொல்லவில்லை, செய்கிறதையே தொடரச் சொன்னார்கள். கூடையும் கத்தரியும் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்குகிற நம் மக்கள், உடம்பை அசைக்காத சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலை வேலையை விட்டு ஆபீஸ், பேக்டரி, வாகனம் என்று உட்கார்ந்த வேலைக்குப் போனவர்களும், ஓய்வு பெற்றவர்களும்தான் நடையைத் தேடிப் போக வேண்டும்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்தில் 1944-45-இல் ஒரு சோதனை நடந்தது. யுத்தத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதற்காக, நல்ல சுகதேகிகளான 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடுதான். எடை நாலில் ஒரு பங்கு இறங்கியது. அதோடு குணமும் மாறியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, கோபம், சோர்வு. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கட்டுப்பாட்டை எடுத்தபின் சிலர் எவ்வளவு தின்றும் வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் தவித்தார்கள். இழந்த கொழுப்பு முன்பைவிட அதிகமாகவே திரும்பி வந்தது.

இவர்கள் பெருந்தீனிக்காரர்கள் அல்ல. பட்டினி அவர்களை அப்படி ஆக்கியது. நம் வீடுகளிலும் இதுவேதான் நடக்கிறது. காலையில் வெறும் தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்றும் இல்லை, மத்தியானம் அரை வயிறு. சாயந்திரம் வீடு திரும்பியதும் குளிருக்கும் பசிக்கும் ஈடாக இரண்டு மங்கு சோறு, பொரித்த கருவாடு, பிறகு பிள்ளைகள் மிச்சம் வைத்தது. அப்புறம் "எனக்கு வாயக் கட்டத் தெரியல" என்று தன்னையே நொந்துகொண்டு, மறுநாள் காலை மறுபடி பட்டினி. இதில் குற்றம் வாயின் மேல் இல்லை. காலைப் பட்டினியின் மேல்தான்.

சீனி வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதில் உயிர் ஆபத்தே உண்டு. கிளிக்கிளாசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டும், இன்சுலின் ஊசி குத்திக்கொண்டும் பசியாறாமல் மலைக்குப் போனால், ரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். சரிவில் கத்தரியோ மெஷினோ கையில் இருக்கும்போது இப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்டவரைக் கண்டால் உடனே உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தபின் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது. விரதம் இருக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் சோறு கெட்ட சோறா?

"சோறுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்கிற பேச்சு இப்போது அதிகம். நம் நாட்டுச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நூறு வருஷங்களுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் வியாதி ஏராளமான உயிர்களைக் குடித்தது. கால் வீங்கி, நரம்பு செத்து, இருதயம் நின்று போகும். ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அது வாட்டியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் மிகவும் அரிதாகவே கண்டது. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பக்கத்துக்குத் தீட்டிய அரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி தாக்கியது தீட்டிய அரிசிப் பக்கத்தைத்தான்.

காரணம் பிறகு தெரிந்தது. நெல்லை அவித்துக் காய வைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற பேரைக் கேட்டதில்லை. ஆனாலும் அவர்கள் நெல் அவித்த அந்தப் பழக்கம் உயிர்களைக் காப்பாற்றியது. ஆகவே நம் சாப்பாட்டை நாமே கேவலமாக நினைக்கத் தேவையில்லை.

இன்றைய சங்கடம் சோறு இருப்பதல்ல, சோறு மட்டுமே தட்டில் மலையாக இருப்பது. பருப்பும் காயும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்லித் தருகிறதே, அதுதான் வழி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, தெம்பே போன்றவை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். கேமரன் மலையில் இருந்துகொண்டு காய்கறி கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கோபிஸ், தக்காளி, சாவி, முள்ளங்கி எல்லாம் நம்மைச் சுற்றியே விளைகின்றன. பார்வைக்குச் சற்று அழகு குறைந்த காயை மலிவாகக் கேட்டு வாங்கலாம், சத்து ஒன்றுதான். மலை வேலை செய்கிறவருக்குக் கால் பங்கு சோறு பத்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளட்டும். அதோடு காயையும் பருப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டின் பால்

சோற்றைவிட நாம் கவனிக்க வேண்டியது மங்கில் இருக்கிறது. கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. இப்போது கடையில் விற்கும் டின்கள் பலவற்றில் உள்ளது பால்கூட அல்ல, பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் இரண்டு தேக்கரண்டி சீனி இருக்கும். ஒரு மங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி, நாளைக்கு மூன்று மங்கு என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு அதுவே உச்ச அளவு, அதில் பாதியோடு நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. தேத்தண்ணியிலேயே கோட்டா முடிந்துவிடுகிறது!

இந்த டின்னைப் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. 1939-இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின் பாலைக் கொடுக்கும்படி தாய்மார்களை ஏமாற்றுவது கொலைக்குச் சமம் என்று துணிந்து சொன்னார். கைக்குழந்தைக்கு டின் பால் ஆகாது என்பதை இன்றும் நினைவில் வையுங்கள்.

பெரியவர்கள் தேத்தண்ணியை விட வேண்டாம். தேயிலை விளைவிக்கும் நாமே தேத்தண்ணி குடிக்காமல் இருப்பதா? இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள், இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும். மூன்று மங்கில் ஒன்றை இஞ்சி தட்டிய வெறும் தேத்தண்ணியாக மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் பேசும் பேச்சு

"குண்டம்மா", "யானை", "ஊதுகாமாலை" என்று பிள்ளைகளைக் கூப்பிடும் பழக்கத்தை விடுங்கள். அவமானத்தால் யாரும் ஆரோக்கியம் அடைந்ததில்லை. ஒளிந்து தின்னத்தான் கற்றுக்கொள்வார்கள். சாப்பாட்டைத் தண்டனையாகவும் பரிசாகவும் ஆக்காதீர்கள். தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட்டால் அது பாவம் அல்ல. உட்கார்ந்து, ருசித்து, போதும் என்று வயிறு சொல்லும்போது எழுந்தால் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில், சட்டியில் ஒட்டியதையும் பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் சாப்பிடுகிறீர்கள். உங்கள் வயிறு மிச்சத்தைக் கொட்டும் கூடை அல்ல. எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து, உங்களுக்கும் ஒரு முட்டை, ஒரு துண்டு மீன் எடுத்து வையுங்கள். வீட்டு ஆண்கள் இதைக் கவனித்து, "நீயும் உக்காரு" என்று சொல்ல வேண்டும்.

"அட, மெலிஞ்சுட்டியே, நல்லா இருக்கே!" என்று புகழ்வதிலும் நிதானம் தேவை. முயற்சி எதுவும் இல்லாமல் ஆள் மெலிந்தால் அது சீனி வியாதியாகவோ காசநோயாகவோ இருக்கலாம். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று ஏதாவது கூடவே இருந்தால் அன்றே கிளினிக்குக்கு வாருங்கள். வயதானவர் மெலிவது பெரும்பாலும் சதை கரைவதே, அதனால் கீழே விழுவார்கள்.

மெலிவதற்கென்று விற்கும் காப்பி, மாத்திரைகள் பற்றியும் ஜாக்கிரதை. இருதயத்துக்குக் கெடுதி என்று 2010-இல் பல நாடுகள் விலக்கிய சிபுத்ரமின் என்ற மருந்தை இவற்றில் ரகசியமாகக் கலப்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும்?

எடையை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: என் ரத்தக் கொதிப்பு எவ்வளவு? மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எப்போது? கண்ணும் காலும் சிறுநீரகமும் வருஷம் ஒருமுறை சோதிக்கப்பட்டனவா? மேடு ஏறும்போது போன மாதத்தைவிட மூச்சு வாங்குகிறதா, குறைந்திருக்கிறதா? ராத்திரி நன்றாகத் தூங்குகிறேனா? எடை அசையாமல் இருக்கும்போதே இவை எல்லாம் நல்லபடியாக மாறலாம். மாறினால் உங்கள் முயற்சி பலித்தது என்று அர்த்தம்.

எடை பார்க்கச் சங்கடமாக இருந்தால், "எண்ணை உரக்கச் சொல்லாதீங்க ஐயா, நீங்களே எழுதி வச்சுக்குங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மருந்தின் அளவுக்காகவும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எடை பார்த்தாக வேண்டும். அதை ஒரு மறைவில், மரியாதையாகப் பார்க்கலாம். ஏசுவார்கள் என்று பயந்து மாதக்கணக்கில் வராமல் இருக்காதீர்கள். மரியாதையாக நடத்தாத இடம் எதுவானாலும் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள், சம்பளத்துக்குக் குரல் கொடுக்கிற சங்கம் இதற்கும் கொடுக்கும்.

இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பிரட்டுக்குப் போகுமுன் பசியாறுங்கள். இரண்டு தோசையும் பருப்புச் சாம்பாரும், அல்லது முட்டையோடு ரொட்டி, அல்லது பழைய சோற்றோடு நெத்திலி, எதுவானாலும் சரி. நாற்பது வயது தாண்டியவர்களும், வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சீனி வியாதி உள்ளவர்களும், ஒல்லியோ பருமனோ, ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சீனி வியாதிக்காரர்கள் பாதத்தைப் பாதுகாப்பது பற்றியும், பூட்ஸ் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பற்றியும் எழுதுகிறேன். வணக்கம்.